ஒரு பாலாடைக் கரைப்பான்

அன்று வெள்ளிக்கிழமை, உப்பாற்றுமுனையில் ஆலைத் தலைவர்கள் கரைப்பான் குடிக்கும் நாள். பத்து மணிக்குச் சங்கு ஊதியதும் ஒவ்வொரு ஆலை வாசலிலும் மேசை போட்டார்கள். சாய ஆலைக்காரர் தன் கலனிலிருந்து பிடித்ததை, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் ஒரு பாலாடை குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பசை ஆலை அம்மாள் குடித்தாள். கூட்டம் பார்த்தது, தலையை ஆட்டியது, கலைந்தது. மூன்றாவது வாசலில் மட்டும் மேசை இல்லை. அந்த ஆலையின் எட்டாம் கலன் பதினோரு வாரமாகக் காய்ந்து கிடந்தது.

மடக்குச் சட்டம் சொல்வது ரொம்ப எளிது. எந்தக் கலனில் எந்தக் கரைப்பானை ஊற்றுகிறாயோ, அதில் ஒரு பாலாடை நீயே குடி. வாரம் ஒருமுறை, ஊர் பார்க்கக் குடி. முடியாதென்றால் கலனை மூடு. அளவைப் பாலாடை என்று வைத்ததும் சும்மா இல்லை. கைக்குழந்தைக்குப் புகட்டத் துணியாததை எங்கள் வீட்டு ஆட்கள் மேல் தெளிக்காதே என்று தொழிலாளர் வீட்டுப் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்து கேட்டு வாங்கிய அளவு அது. சட்டம் வந்ததும் டொலுயீன் போன்ற பழைய கரைப்பான்கள் ஊரைவிட்டே ஓடின. மருத்துவப் பொருள் செய்யும் கலன்களுக்கு மட்டும் மூன்று வருஷ அவகாசம் கொடுத்தார்கள். அதுவும் முடிந்துவிட்டது.

எட்டாம் கலனில் செய்துகொண்டிருந்தது மூச்சுச்சவ்வு. வெங்காயச் சருகைவிட மெல்லிய படலம். முகமூடிக்குள் பொருத்தினால் காற்றிலுள்ள பிராணவாயுவைத் தாராளமாக உள்ளே விடும், மற்றதை அவ்வளவாக விடாது. கெட்டுப்போன நுரையீரலுக்கு அந்த உபரிதான் உயிர். ஒரு சவ்வு நாற்பது நாள் வரும். உப்பாற்றுமுனையில் அதை மாட்டிக்கொண்டு நடமாடியவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லாரும் பழைய ஆலைகளில் பழைய கரைப்பான்களின் ஆவியில் நின்று நெஞ்சு பாழானவர்கள். அவர்களில் ஒருவர் சூசை. மடக்குச் சட்டத்தைப் போராடி வாங்கியவர், பாதிப் பிரிவுகளைத் தன் கையால் எழுதியவர், அதன் உள்ளூர்க் குழுவுக்குத் தலைவர். மூன்றாவது ஆலையின் தலைவியும் எட்டாம் கலனின் பொறுப்பாளருமான அமலோற்பவத்துக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

விஷயம் விளங்குகிறதா? நுரையீரல் போனவர்களைப் பார்த்துத்தான் சட்டமே போட்டார்கள். அந்தச் சட்டம் கடைசியில் கையை வைத்தது அவர்கள் மூச்சில்.

"அண்ணே, மடக்குச் சட்ட வாரியத்துக்கு ஒரு மனு குடு. எட்டாம் கலனுக்கு மட்டும் விலக்கு கேளு. டொலுயீன் இல்லாம சவ்வு வராது" என்றாள் அமலோற்பவம்.

சூசைக்கு நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும். முகமூடிக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார். "எனக்கு ஒரு சவ்வு செய்யணும்னா இன்னொருத்தன் அந்த ஆவில நிக்கணும். அவன் நெஞ்சு போனா அவனுக்கு ஒரு சவ்வு. அதுக்கு இன்னொருத்தன். இது எங்க போயி முடியும், சொல்லு?"

"கையிருப்பு அஞ்சு மாசத்துக்குத்தான் இருக்கு."

"அஞ்சு மாசம் இருக்குல்லா? குடிக்கத்தக்கதா ஒண்ணக் கண்டுபிடி."

"கடையில போயி வாங்கிட்டு வாரதுன்னு நெனச்சியாக்கும்!"

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அவளுக்கு. பிடிவாதத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. அவர் மனு எழுத மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அவர் மூச்சு நிற்பதைப் பார்த்துக்கொண்டு தான் சும்மா இருக்கப்போவதில்லை என்பதும் தெரியும். நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

வேலை இதுதான். சிலிக்கோன் சங்கிலி பிராணவாயுவை நன்றாக விடும். ஆனால் தண்ணீரைக் கண்டால் அதற்கு ஆகாது. மூச்சின் ஈரம் பட்டதும் மேலே முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு வழியை அடைத்துவிடும். தண்ணீரோடு ஒட்டி உறவாடும் வேறொரு சங்கிலியை அதோடு சேர்த்துக் கோத்தால்தான் சவ்வு உருப்படும். இப்படி இரண்டு வகையைக் கோத்துச் செய்வதற்கு இணைபலபடி என்று பெயர். கஷ்டம் என்னவென்றால் இந்த இரண்டும் ஒன்றின் முகத்தில் ஒன்று முழிக்காது. பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு மனுஷர் நடுவில் வந்து உட்கார வேண்டும். அந்தப் பொதுமனுஷர்தான் கரைப்பான். காரியம் முடிந்ததும் அவர் சத்தமில்லாமல் எழுந்து போய்விடவும் வேண்டும்.

டொலுயீன் அதைக் கச்சிதமாகச் செய்தது, போகிற போக்கில் நாலு பேர் நெஞ்சையும் அரித்தது. அமலோற்பவம் தண்ணீரில் முயன்றாள். சிலிக்கோன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆரஞ்சுத்தோல் எண்ணெயில் முயன்றாள். நடுவில் உட்கார வந்தவர் தானே மாப்பிள்ளையாகிவிட்ட கதையாக, அதுவே சிலிக்கோனோடு பிணைந்துகொண்டது. மூன்றாவது மாதம் தயிர்ப் புளிப்பையும் பனைச் சாராயத்தையும் கூட்டி ஒரு நீர்மம் எடுத்தாள். இரண்டு சங்கிலியும் அதில் பாகாகக் கரைந்தன. அவள் துள்ளிக் குதித்த அரைமணி நேரத்தில் கலவை குமிழ் குமிழாகப் பொங்கியது. நீர்மத்தின் ஒரு முனை சிலிக்கோனைச் சீண்டி ஹைட்ரஜனைக் கிளப்பிக்கொண்டிருந்தது. சவ்வெல்லாம் ஓட்டை, சல்லடைதான்.

"சீண்டுற வாய மூட வேண்டியதுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த முனைக்குப் புளிக்காடியால் ஒரு மூடி போட நாற்பது நாள் பிடித்தது. மூடி போட்டதும் நீர்மம் அடங்கியது. வயிற்றுக்குள் போனால் அது கொஞ்சம் தயிர்ப் புளிப்பாகவும் கொஞ்சம் காடியாகவும் கொஞ்சம் சாராயமாகவும் பிரிந்துவிடும், அதற்குமேல் ஒன்றுமில்லை. மண்ணில் கொட்டினாலும் பத்து நாளில் இருந்த இடம் தெரியாது. பனஞ்சாரம் என்று பெயர் வைத்தாள். கையிருப்பு தீர அப்போது பதினெட்டு நாள் பாக்கி.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றாவது வாசலிலும் மேசை போட்டார்கள். சூசை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அமலோற்பவம் பாலாடை நிறைய மொண்டு விழுங்கினாள். பழம் போட்ட பதநீர்போல இனித்துப் புளித்து இறங்கி, தொண்டையில் இளஞ்சூட்டை விட்டுப் போனது.

"எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டான் எட்டாம் கலனின் இருபத்தாறு தொழிலாளிகளுக்கும் மேஸ்திரியான ஞானதுரை.

"நல்லாத்தாம்ல இருக்கு!" என்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை ஊரே பார்த்தது.

கலன் ஓடியது. புதுச் சவ்வு பழையதைவிட நன்றாகவே மூச்சுவிட்டது. சூசை நாலு வார்த்தைக்குப் பதில் ஏழு வார்த்தை சேர்த்துப் பேசினார். முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் அமலோற்பவத்தைக் கும்பிடாத குறைதான். தொழிலாளிகள் முகமூடி, கையுறை எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு வேலை பார்த்தார்கள். சட்டம் ஜெயித்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

இரண்டாம் மாதம் கலனின் மட்டம் இறங்கத் தொடங்கியது. தினமும் ஏழு லிட்டர் குறைந்தது. அமலோற்பவம் குழாய்களைத் தடவிப் பார்த்தாள், மூட்டுகளை இறுக்கினாள், ஆவிமீட்பியைப் பிரித்துப் போட்டாள். எங்கும் கசிவில்லை. கலனுக்குப் பின்னால் கைவிட்டபோதுதான் அகப்பட்டன: ஐந்து எவர்சில்வர் டம்ளர்கள், பிரித்துப்போட்ட ஊறுகாய்ப் பொட்டலங்கள், ஒரு காகிதத்தில் உப்பு. அடக் கடவுளே! மாற்று கண்டுபிடிக்க அவள் ரத்தம் சுண்டியதென்ன, இவர்கள் அதற்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டதென்ன!

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு ஒரு பிற்பகல், வால்வைத் திறக்க வேண்டிய ஞானதுரை அரைமணி நேரம் சுவரில் சாய்ந்து யாருக்கோ பழைய கதை சொல்லிக்கொண்டிருந்ததில் ஒரு கலன் சவ்வு முழுக்கக் கட்டிதட்டிப்போனது. எண்பது பேருக்கான நாற்பது நாள் மூச்சு, குப்பையில். அப்போது சிரிப்பு வரவில்லை.

ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டால் இருபத்தாறு பேர் மானமும் சந்திக்கு வரும். அதில் பாதிப் பேர் அவளுக்குச் சொந்தம், மீதிப் பேர் ஒரே தெரு. போதாததற்குச் சட்டத்தின் பத்தொன்பதாம் பிரிவு வேறு இருக்கிறது: கலனிலிருந்து கரைப்பானைத் திருடி எடுத்தவர் அந்த ஊர் ஆலைகளில் மறுபடி வேலை பார்க்கக்கூடாது. பெயர் வெளியே வந்தால் வேலை போயிற்று. யாரையும் நோகடிக்காமல் காரியம் முடிய வேண்டும். அதனால் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒரு சிட்டிகை கசப்புத்தூளை வாங்கிக் கலனில் போட்டாள். உடம்புக்கு ஒன்றும் செய்யாது, சவ்விலும் ஒட்டாது, நாக்கை மட்டும் பிடுங்கியெடுக்கும். வாரியத்துக்கு முறைப்படி எழுதிக் கொடுத்தாள். தன் ஆட்களிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் 'உங்களுக்காகத்தான் போட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடாதா? மரியாதை பார்த்துச் செய்த அந்தக் காரியத்தில்தான் அவள் தப்புப் பண்ணினாள்.

மறுநாளே மட்டம் இறங்குவது நின்றது. வெள்ளிக்கிழமை வாசலில் நின்று ஒரு பாலாடையை வாயில் ஊற்றினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, உதடு கோணியது, குமட்டலை அடக்கத் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"பாத்தியளா? போன மாசம் சிரிச்சுக்கிட்டே குடிச்சா. இப்போ பேதி மருந்து குடிக்கிற மாதிரி குடிக்கா" என்றான் ஞானதுரை பக்கத்திலிருந்தவரிடம். "சரக்கை மாத்திட்டாங்கய்யா."

அவனுக்கும் முதலில் நிஜமான பயம்தான். டம்ளரில் மொண்டவன் கசப்புத் தாங்காமல் துப்பிவிட்டு, மூன்று மாதமாகக் குடித்ததையெல்லாம் நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். ஒரு வாரத்தில் எதற்காகக் கசப்பு என்பது இருபத்தாறு பேருக்கும் விளங்கிவிட்டது. அதற்குள் பேச்சு ஊரெல்லாம் பரவி, புகாராக வாரியத்துக்குப் போய்விட்டது. இனிமேல் 'விஷமில்லை, எங்களுக்குத் தெரியும்' என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பார்களே!

புகார் வந்த அன்றே கலன் நின்றது. விசாரணைக்கு நாள் குறித்து வர மூன்று வாரம். அதற்குள் கையிருப்பு காலி. சூசை மாட்டியிருந்தது கடைசிச் சவ்வு; அதற்கு இன்னும் ஒன்பது நாள்.

சனிக்கிழமை காலை ஆலை முற்றத்தில் ஊர் கூடியது. சூசை குழுத் தலைவராக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வாரிய அலுவலர் கோமதிநாயகம் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார். "கரைப்பானை மாத்துனீங்களாம்மா?"

"மாத்தல. கசப்பு சேத்தேன். எழுதியும் குடுத்திருக்கேன்."

"குடிக்கிற பொருள்ல கசப்பு எதுக்கு?"

இனிமேல் மறைத்துப் பயனில்லை. "கலன்ல இருந்து மொண்டு குடிச்சாங்க. தினம் ஏழு லிட்டர்."

முற்றம் கொதித்தது. "யாரு குடிச்சா? பேரச் சொல்லுங்க!" "கண்ணால பாத்தியளா?" "செய்யறதையும் செஞ்சிட்டு எங்க மேல பழியா?" எல்லாருக்கும் மேலாக ஞானதுரையின் குரல். "விஷத்த ஊத்திட்டுக் கதை சொல்லுதாங்க! மூடுங்கய்யா கலனை!"

அமலோற்பவம் கண்ணால் பார்க்கவில்லை. டம்ளரையும் ஊறுகாயையும்தான் பார்த்திருந்தாள்.

கோமதிநாயகம் கையமர்த்தினார். "குடிச்சவங்க இருந்தா சொல்லட்டும். மாசக்கணக்கா டம்ளர் டம்ளராக் குடிச்சும் ஒண்ணும் ஆகலைன்னா, அதைவிடப் பெரிய சான்று எனக்கு வேண்டாம். யாருமே குடிக்கலைன்னா அம்மா சொல்ற காரணம் நிக்காது. கலனை மூடி முத்திரை வைக்க வேண்டியதுதான்."

இருபத்தாறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சூசை எழுந்தார். முகமூடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, என்ன செய்யுத!" அமலோற்பவம் ஓடிவந்து அதை எடுக்கப் போனாள். அவர் அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி ஊன்றிக்கொண்டார்.

"அன்னைக்கு முதலாளி... விஷம்னு தெரிஞ்சே... நல்லதுன்னு சொன்னான்." ஒவ்வொரு இரண்டு வார்த்தைக்கும் மார்பு தூக்கிப் போட்டது. "இன்னைக்கு நாம... நல்லதுன்னு தெரிஞ்சே... விஷம்னு சொல்லுதோம். குடிச்சவன்... ஒருத்தன்... கையத் தூக்குற வரைக்கும்... இது இங்கயே கெடக்கட்டும்."

நின்றபடியே இருந்தார். உதடு நீலம் பாய்ந்தது. நெற்றி வியர்வை மேசையில் சொட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் அழத் தொடங்கினாள். அமலோற்பவம் அவர் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள், முடியவில்லை.

"மாட்டுங்க அண்ணாச்சி, மாட்டித் தொலைங்க!" ஞானதுரை கத்திக்கொண்டே மேசைக்குப் பாய்ந்தான். "நான் குடிச்சேன்! மூணு மாசம், தினம் ரெண்டு டம்ளர். ஒரு தலைவலிகூட இல்ல. போதுமா? மாட்டுங்கன்னு சொல்லுதேன்ல!" அழுதுகொண்டே அவனே முகமூடியை எடுத்து அவர் முகத்தில் பொருத்தினான்.

பின்னால் இன்னொரு கை உயர்ந்தது. பிறகு ஆறு. பிறகு இருபத்தாறும்.

கோமதிநாயகம் எழுதினார். கரைப்பான் தீங்கற்றது, புகார் தள்ளுபடி, கலன் ஓடலாம். முற்றம் முழுக்க நிம்மதிப் பெருமூச்சு. அவர் பேனாவை மூடவில்லை. "பத்தொன்பதாம் பிரிவுன்னு ஒண்ணு இருக்குங்க, அண்ணாச்சி."

எல்லாரும் சூசையைப் பார்த்தார்கள். அந்தப் பிரிவை எழுதியவர் அவர். அந்தக் காலத்தில் டொலுயீன் வாசனைக்கு அடிமையாகி, துணியில் நனைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் முகர்ந்தே செத்துப்போன மூன்று பேரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து எழுதியது. அந்தச் சாவுகளில் ஒன்றைக்கூட அவர் மறக்கவில்லை.

"அண்ணே, அவங்கதான் உன் உயிரக் காப்பாத்தினவங்க" என்றாள் அமலோற்பவம்.

சூசை வெகுநேரம் மூச்சு வாங்கினார். "எனக்கு விலக்கு வேண்டாம்னு சொன்னவன் நான்" என்றார். "எழுதுங்க."

திங்கட்கிழமை காலை ஆலைக் கதவு திறந்தது. இருபத்தாறு பேரும் வெளியே வேலியோரம் நின்றார்கள். உள்ளே யாரும் வரவில்லை. வேலைக்கு ஆள் தேவை என்ற பலகையைப் படித்தவர்கள் எல்லாரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவ்வளவு நல்லதென்றால் ஏன் அந்த அம்மாளுக்குக் குமட்டுகிறது? வாரியம் எழுதிக் கொடுத்தால் ஆயிற்றா? அந்தக் காலத்திலும்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

கசப்பை எடுத்துவிட்டால் நம்பி வருவார்கள். வந்தால் குடிப்பார்கள். குடித்தால் பத்தொன்பதாம் பிரிவு. நம்பியவர்களுக்கு உள்ளே வர அனுமதியில்லை; அனுமதி உள்ளவர்களுக்கு நம்பிக்கையில்லை. அமலோற்பவம் ஓடாத கலனைச் சுற்றி நடந்தபடி கணக்குப் பார்த்தாள். கலனை ஓட்டக் குறைந்தது ஆறு பேர் வேண்டும். ஒரு சுற்றுச் சவ்வு எடுக்க ஆறு நாள். சூசையின் முகமூடியில் இருப்பது ஏழு நாள்.

ஒரு பாட்டிலில் பனஞ்சாரத்தைப் பிடித்தாள். பாலாடையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். தெருவில் இறங்கினாள்.

முதல் பதினேழு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். சிலர் மரியாதையாகச் சாத்தினார்கள், சிலர் படாரென்று. பதினெட்டாவது வீட்டில் காளியம்மை என்ற பெண் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பசை ஆலையில் முன்பு வேலை பார்த்தவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். அடுத்த கணம் வாசலுக்கு ஓடித் துப்பினாள்.

"ஐயய்ய! என்ன இழவு கசப்புக்கா இது! இதையா வாராவாரம் குடிக்கிய?"

"ஆமா."

"சட்டப்படி நீங்கதானே குடிக்கணும்? என்ன எதுக்குக் குடிக்கச் சொல்லுதிய?"

"நான் குடிச்சதத்தான் ஊரே பாத்துச்சே, காளி. யாரு நம்புனா?"

காளியம்மை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். செதில் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு மூக்கை இரண்டு விரலால் இறுக்கப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி வாயைத் திறந்தாள். அமலோற்பவம் அவள் தாடையைத் தாங்கிப் பிடித்து, ஒரு பாலாடையை மெதுவாகப் புகட்டினாள்.

விழுங்கி, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள் காளியம்மை. "எத்தன மணிக்கு வரணும்?"

"இப்பமே வா" என்றாள் அமலோற்பவம். "இன்னும் அஞ்சு பேர் வேணும். உனக்குத் தெரிஞ்ச வீட்டுல இருந்து ஆரம்பிப்போம்."